எல்லையில் இருக்கும் படைவீரருக்குப் பார்சல்: சமைப்பதற்கு முன்பிருந்து போய்ச் சேரும் வரை

லடாக்கிலோ அருணாசலத்திலோ ராஜஸ்தானிலோ பணியில் இருக்கும் மகனுக்கு, கணவருக்கு, தம்பிக்கு வீட்டிலிருந்து பார்சல் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு ஒன்றுதான். முதலில் முறுக்கு சுடுகிறார்கள், பிறகு பெட்டி தேடுகிறார்கள், கடைசியில் அஞ்சலக வாசலில் நின்று முகவரி கேட்டு போன் செய்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முகவரி முதலில், பெட்டி அடுத்து, சமையல் கடைசி. அஞ்சலகத்துக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரண்டு நாட்களில்தான் அடுப்பு எரிய வேண்டும்.

1. முதலில் அவரிடம் கேட்க வேண்டியவை

போன் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் கேட்டு முடிக்க வேண்டும் என்பதால், கேள்விகளை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரி மாறியிருக்கிறதா? அடுத்த லீவு எப்போது? அடுத்த ஒன்றரை மாதத்துக்குள் யூனிட் இடம் மாறுமா? இந்த மூன்றும் தெரியாமல் அனுப்பினால், அவர் ஊருக்கு வரும் ரயிலும் பார்சல் போகும் ரயிலும் எதிரெதிரே கடந்துபோகும். லீவுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் அனுப்பவே வேண்டாம். திரும்பும்போது கையில் கொடுத்தனுப்புவது மேல்.

எங்கே இருக்கிறார் என்று கேட்காதீர்கள். அவர் சொல்லக்கூடாத இடமாக இருக்கலாம், உங்களுக்கும் அது தேவையில்லை. குளிரா, மழையா, வெயிலா என்பது தெரிந்தால் போதும். பொருளைத் தேர்ந்தெடுக்க அதுவே போதுமான தகவல்.

எத்தனை பேர் சேர்ந்து இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். காலாட்படையில் ஒரு செக்‌ஷன் என்பது ஏறக்குறைய பத்துப் பேர். பெட்டியைப் பிரித்தால் பத்துப் பேரும் சாப்பிடுவார்கள், அதுதான் அங்கே வழக்கம். ஒருவருக்கு மட்டும் போதும் என்று கணக்குப் போட்டால் அவருக்கு ஒரு துண்டுகூட மிஞ்சாது.

கடைசியாக, லங்கரில் (படையினரின் சமையற்கூடத்தில்) எண்ணெயில் பொரித்துக்கொள்ள வசதி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அப்பளம், வடகம், மோர் மிளகாய் மூன்றும் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

2. முகவரி

அதிகப் பார்சல்கள் வழிதவறுவது இங்கேதான், அதனால் இதில் நேரம் செலவிடுங்கள்.

முகவரியில் வரும் 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்பவை ஊர்ப் பெயர்கள் அல்ல. ஏபிஓ என்றால் ஆர்மி போஸ்ட் ஆபீஸ், அதாவது ராணுவ அஞ்சலகம். 56 ஏபிஓ என்று போட்டவை டெல்லியில் உள்ள ராணுவ மைய அஞ்சலகத்துக்கும், 99 ஏபிஓ என்று போட்டவை கொல்கத்தாவில் உள்ள மைய அஞ்சலகத்துக்கும் போகும். அதுவரைதான் நமது சாதாரண அஞ்சல் துறையின் வேலை. அங்கிருந்து ராணுவ அஞ்சல் பிரிவு எடுத்துக்கொண்டு, களத்தில் உள்ள எஃப்பிஓ (ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ்) வழியாக யூனிட்டுக்குச் சேர்க்கும்.

எழுத வேண்டிய வரிசை இது:

படை எண், பதவி, முழுப்பெயர்
கம்பெனி அல்லது பிரிவு
யூனிட்டின் பெயர்
கேர் ஆஃப் 56 ஏபிஓ (அல்லது 99 ஏபிஓ)
ஆறு இலக்கப் பின்கோடு

இதைப் பெட்டியின் மேல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுங்கள். டெல்லியில் பிரிப்பவருக்கும் எஃப்பிஓவில் இருப்பவருக்கும் தமிழ் படிக்கத் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

படை எண் ஏன் அவசியம்? ஒரே யூனிட்டில் மூன்று முருகன், இரண்டு செந்தில்குமார் இருப்பார்கள். எண் இருந்தால் குழப்பம் இல்லை. எண்ணின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தையும் விடாமல் எழுதுங்கள்.

ராணுவப் பின்கோடு எப்போதும் 9 என்ற இலக்கத்தில் தொடங்கும். உங்களிடம் இருப்பது 1லோ 6லோ தொடங்கினால், ஏபிஓ முகவரியுடன் ஏதோ ஊர்ப் பின்கோடு கலந்துவிட்டது என்று பொருள். ஏபிஓ முகவரிகளில் ஊர், தெரு எதுவும் இல்லாததால் பார்சலை யூனிட் வரை பிரித்துக்கொடுப்பது இந்த எண்தான். ஒரு இலக்கம் பிசகினாலும் பார்சல் வேறு யூனிட்டுக்குப் போய்விடக்கூடும்.

லே, ஸ்ரீநகர், தவாங் என்று ஊர்ப் பெயரை உதவியாக இருக்கட்டும் என்று சேர்ப்பவர்கள் நிறையப் பேர். சேர்க்கவே கூடாது. முதல் காரணம் பாதுகாப்பு: எந்த யூனிட் எங்கே நிற்கிறது என்பதைப் பெட்டியின் மேல் எழுதி நாடு முழுக்க அனுப்புவதாக ஆகிவிடும். இரண்டாவது, ஊர்ப் பெயரைப் பார்த்து அந்த ஊர் சிவில் அஞ்சலகத்துக்குப் பிரித்துவிட்டால் பார்சல் அங்கே போய்ச் சுற்றும். இதே காரணத்துக்காக, முகவரி தெரியும்படி பெட்டியைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்துவிட்டு ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் என்ற வேறு படைப்பிரிவுக்குப் போனவருக்குப் பழைய முகவரி செல்லாது. யூனிட் மாறினால் பின்கோடும் மாறும். வெலிங்டன் போன்ற பயிற்சி மையத்தில் இருப்பவருக்குச் சாதாரண ஊர் முகவரி. கடற்படைக் கப்பலில் இருப்பவருக்கு ஏபிஓ கிடையாது, மும்பை, விசாகப்பட்டினம் போன்ற தளங்களில் உள்ள ஃபிளீட் மெயில் ஆபீஸ் வழியாகப் போகும்.

எழுதி முடித்ததும் படம் எடுத்து அவருக்கே அனுப்பி, சரி என்று பதில் வந்தபிறகு அடுத்த வேலைக்குப் போங்கள். அவர் பார்த்ததும் இரண்டு பேர் போனிலும் அழித்துவிடலாம்.

3. பெட்டியை வாங்கிவிட்டு எடைக் கணக்குப் போடுங்கள்

ஐந்து அடுக்கு அட்டைப் பெட்டி, 30 செ.மீ. நீளம், 25 அகலம், 20 உயரம் இருந்தால் போதும். மொத்த எடை 5 கிலோவுக்குள் இருக்கட்டும். அஞ்சலகம் இதைவிடக் கனமானதையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் கடைசிக் கட்டத்தில் அந்தப் பெட்டியை யாரோ ஒருவர் முதுகில் சுமந்து மலையேறக்கூடும். பத்துக் கிலோ அனுப்ப ஆசை என்றால் இரண்டு பெட்டியாக, பதினைந்து நாள் இடைவெளியில் அனுப்புங்கள். ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று சேரும்.

மளிகைக்கடைப் பழைய பெட்டி வேண்டாம். ஒருமுறை நசுங்கிய அட்டைக்குப் பலம் இருக்காது. வேறு வழியில்லை என்றால் அதன் மேலிருக்கும் பழைய முகவரி, பார்கோடு எல்லாவற்றையும் கிழித்தெடுத்துவிடுங்கள். இயந்திரம் பழைய பார்கோடைப் படித்துவிடக்கூடும்.

ஒரு பெட்டிக்கு நன்றாகப் பொருந்தும் கணக்கு: பருப்புப் பொடி அரைக் கிலோ, புளிக்காய்ச்சல் அரைக் கிலோ, கடலை மிட்டாய் ஒரு கிலோ, முறுக்கு முக்கால் கிலோ, சுக்குமல்லிப் பொடி கால் கிலோ, மோர் மிளகாய் 200 கிராம். இதுவே 3.2 கிலோ ஆகிறது. உணவு அல்லாத பொருள்களுக்கு 800 கிராம், பெட்டிக்கும் பொதிவுக்கும் 700 கிராம் விட்டால் 4.7 கிலோ.

சோப்பு, பற்பசை, பிஸ்கட், ஷேவிங் கிரீம் எல்லாம் கேன்டீனில் மலிவாகக் கிடைக்கும். அந்த எடையை வீட்டில் மட்டுமே கிடைக்கும் பொருளுக்கு ஒதுக்குங்கள்.

4. தட்பவெப்பத்துக்கு ஏற்ற பொருள்

உயரமும் குளிரும்: லே நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் இங்கே மூடிய பாக்கெட்டின் உள்ளே இருக்கும் காற்று அங்கே ஒன்றரை மடங்காக விரியும். கடையில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட் பந்துபோல உப்பி, இடமில்லாத பெட்டிக்குள் வெடிக்கும், அல்லது பெட்டியின் ஒட்டை உடைக்கும். காற்றடைத்த எந்தப் பாக்கெட்டும் வேண்டாம்.

குளிரில் பண்டம் கெடாது, கல்லாகும். நெய் மிகுந்த மைசூர்பாகும் அதிரசமும் கடிக்க முடியாமல் இறுகிவிடும். பொருள்விளங்கா உருண்டை மாதக்கணக்கில் தாங்கும், அருமையான பண்டம்தான், ஆனால் எலுமிச்சை அளவில் பிடித்தால் பல் போகும். நெல்லிக்காய் அளவுக்கு மேல் வேண்டாம், வாயில் ஊறவைத்துத் தின்னட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நல்லெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் உறையாது.

உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், இன்னும் மேலே போனால் அதற்கும் குறைவு. நீண்ட நேரம் வேகவைக்க வேண்டிய சிறுதானியம், கொண்டைக்கடலை எல்லாம் அங்கே பாரம். சூடான சோற்றில் அப்படியே பிசைகிற பொடியும் புளிக்காய்ச்சலும், வெந்நீரில் போட்டால் போதும் என்கிற சுக்குமல்லியும்தான் சரி.

வடகிழக்கு மழைப்பகுதி: அங்கே பகை ஈரம்தான். முறுக்கு இரண்டே நாளில் நமத்துவிடும். எல்லாவற்றையும் கால் கிலோவுக்கு மேற்படாத சிறு பாக்கெட்டுகளாகப் பிரியுங்கள். ஒன்றைப் பிரித்தால் அன்றே தீர வேண்டும்.

பாலைவனம்: உருகுவது எதுவும் வேண்டாம், சாக்லேட் முதல் வெல்லப்பாகு மிட்டாய் வரை. கோடையில் பெட்டி நாள்கணக்கில் தகரக் கூரையின் கீழே கிடக்கும். பொடி, ஊறுகாய், காராச்சேவு போதும்.

மூன்று இடங்களுக்கும் பொதுவான விதி: தேங்காய் சேர்த்த எதையும் அனுப்பாதீர்கள். கொப்பரை சேர்த்த பொடிகூட ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

5. சமையல்: ஈரம் இல்லாமல்

அதிக நாள் தாங்குவதை முதலில் செய்யுங்கள், சீக்கிரம் கெடுவதைக் கடைசியில். பொடி முதல் நாள் காலை, புளிக்காய்ச்சல் அன்று மாலை, முறுக்கு இரண்டாம் நாள். மூன்றாம் நாள் காலையில் பொதிந்து அஞ்சலகத்துக்குப் போய்விடலாம்.

பொடிக்குத் துவரம்பருப்பு, மிளகாய், மிளகு, சீரகம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். உப்பையும் ஒரு நிமிடம் வெறும் வாணலியில் புரட்டுங்கள். கல்லுப்பில் ஈரம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பொடி கட்டி தட்டுவது அதனால்தான். கறிவேப்பிலை சேர்ப்பதாக இருந்தால் கையில் நொறுங்கும் வரை காய வேண்டும். பச்சைப் பூண்டு வேண்டாம். அரைத்த பொடியைத் தாளில் பரப்பி இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். மிக்ஸியின் சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும், வியர்த்தால் பூஞ்சை.

புளிக்காய்ச்சலுக்குக் கால் கிலோ புளிக்குக் கால் லிட்டர் நல்லெண்ணெய் வேண்டும். குறைத்தால் தாங்காது. எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை சுண்டட்டும். கரண்டியால் ஒரு கோடு போட்டால் அது மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். வேர்க்கடலையையும் கடலைப்பருப்பையும் அதில் போடாமல் வறுத்துத் தனிப் பாக்கெட்டில் வையுங்கள். ஊறிக் கிடந்தால் சவசவவென்று ஆகிவிடும், அவர் பிசையும்போது தூவிக்கொள்ளட்டும்.

முறுக்கில் வெண்ணெயைக் குறைத்து, இழையைத் தடிமனாகப் பிழியுங்கள். நாவில் கரைகிற முறுக்கு ருசிதான், ஆனால் போய்ச் சேரும்போது தூளாகத்தான் இருக்கும். பெரிய சுற்றாக இல்லாமல் இரண்டு சுற்றில் நிறுத்துங்கள்.

கருவாடு கேட்பார்கள். பெட்டியில் வைத்தால் முறுக்கு முதல் சட்டை வரை எல்லாம் கருவாடு மணக்கும், அஞ்சல் பையில் பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் பார்சலும் மணக்கும். லீவில் வரும்போது கொடுங்கள்.

6. உணவு அல்லாதவை

குளிர்ப் பகுதிக்கு வேண்டிய கனமான உடைகளை ராணுவமே கொடுக்கும். நீங்கள் வைக்கத்தக்கவை: கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி, உதட்டுக்கு வாசலின், சன்ஸ்கிரீன். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தைக் கருக்கும், குளிர்தானே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். சீட்டுக்கட்டு, இரண்டு தமிழ் வார இதழ், அச்சிட்ட குடும்பப் படங்கள், குழந்தை வரைந்த தாள். போன் சிக்னல் இல்லாத இடத்தில் இந்தக் கடைசி இரண்டும்தான் முதலில் கையில் எடுக்கப்படும், அதனால் பெட்டியின் உச்சியில் வையுங்கள்.

வைக்கக்கூடாதவை: தீப்பெட்டி, லைட்டர், கற்பூரம், பாடி ஸ்ப்ரே, சென்ட், பட்டாசு, மது, பவர் பேங்க், தனி பேட்டரி. தீப்பற்றுவதும் வெடிக்கக்கூடியதும் அஞ்சலில் தடைசெய்யப்பட்டவை. கோவில் பிரசாதப் பையை அப்படியே உள்ளே போடுகிறவர்கள் அதில் கற்பூரம் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். விபூதியும் குங்குமமும் போகலாம், ஜிப் கவரில் இரட்டை உறையாக. ஊதுபத்தி வேண்டாம், அதன் மணம் பண்டத்தில் ஏறிவிடும்.

பணம் வைக்காதீர்கள். மாத்திரை என்றால் பெயர் தெரியும் அட்டையோடு, மருத்துவர் சீட்டின் நகலோடு. வீட்டு டப்பாவில் கொட்டிய மாத்திரை என்னவென்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.

7. பொதிதல்

கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. பொடியைத் தடித்த பாலித்தீன் உறையில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டுச் சூட்டில் ஒட்டுங்கள். ஒட்டும் இயந்திரம் பக்கத்துப் பலகாரக் கடையில் இருக்கும், கேட்டால் ஒட்டித் தருவார்கள். முக்கால் பங்கு ஏன் என்றால் மேலே சொன்ன அதே காற்று விரிவுதான்.

புளிக்காய்ச்சலுக்கும் ஊறுகாய்க்கும் மூன்று காப்பு: சூட்டில் ஒட்டிய உறை, அதற்கு மேல் ஜிப் கவர், அதற்கு மேல் திருகு மூடி பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் சுற்றிலும் செய்தித்தாள் திணியுங்கள், கசிந்தாலும் அது உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் வெளியே கசிந்த பார்சல் வழியிலேயே ஒதுக்கி வைக்கப்படும், பக்கத்துப் பார்சல்களையும் நாசமாக்கும்.

பெட்டியின் உட்புறம் முழுக்க ஒரு பெரிய பாலித்தீன் பையை விரித்து, அதற்குள் அடுக்குங்கள். அட்டை நனைந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. அடியில் பொடியும் கடலை மிட்டாயும். நடுவில் எண்ணெய் டப்பா, நான்கு பக்கமும் வேறு பொருள் சூழ்ந்திருக்கும்படி, நிமிர்த்தி. மேலே முறுக்கு, கடினமான டப்பாவில். இண்டு இடுக்கில் சாக்ஸும் தமிழ் செய்தித்தாளும். தாளைக் கசக்காமல் மடித்தே செருகுங்கள். அங்கே ஒரு மாதப் பழைய தினத்தாளையும் விளம்பரம் விடாமல் படிப்பார்கள்.

மூடுவதற்கு முன் உள்ளே ஒரு தாளில் இரண்டு முகவரிகளும் பொருள் பட்டியலும் எழுதி வையுங்கள். வெளிச்சீட்டு கிழிந்தால் இதுதான் வழிகாட்டும்.

மூடியைக் கையால் பிடித்துக்கொண்டு பெட்டியைக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது, அந்த இடம்தான் முறுக்கை உடைக்கும். இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை போட்டும் பாருங்கள். வழியில் அது பலமுறை விழும். பெட்டியின் அடிப்பக்கத்தில் நடு இணைப்பிலும் இரண்டு ஓரங்களிலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் மேல்மூடியை இப்போது ஒட்ட வேண்டாம்.

8. அஞ்சலகத்தில்

தனியார் கூரியர்கள் ஏபிஓ முகவரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னாலும் கொடுக்காதீர்கள். இந்திய அஞ்சல் துறைதான் ஒரே வழி. அதில் ஸ்பீடு போஸ்ட் நல்லது.

டேப், கத்தரி, மார்க்கர் பேனா கையில் இருக்கட்டும். உள்ளே என்ன என்று கவுன்டரில் கேட்டால் திறந்து காட்டிவிட்டு அங்கேயே ஒட்டலாம். வீட்டிலேயே முழுக்க ஒட்டிக்கொண்டு போனால் வெட்டித் திறக்கவும் மறுபடி ஒட்டவும் வேண்டியிருக்கும். ஒட்டியபின் முகவரிச் சீட்டின் மேல் கண்ணாடி டேப் ஒட்டுங்கள், மழையில் மை கரையாது. அனுப்புநர் முகவரியும் போன் எண்ணும் கட்டாயம்.

ரசீது கைக்கு வந்ததும் நகராமல் நின்று பின்கோடைச் சரிபாருங்கள். கணினியில் தட்டும்போது இலக்கம் மாறினால், பெட்டியின் மேல் சரியாக எழுதியிருந்தும் பயன் குறைவு. சிறிய அஞ்சலகத்தில் ஏபிஓ பதிவில் தடுமாற்றம் என்றால் வாதாட வேண்டாம், தலைமை அஞ்சலகத்துக்குப் போய்விடுங்கள். அங்கே தினமும் செய்கிறார்கள்.

9. அனுப்பிய பிறகு

ரசீதில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இரண்டு எழுத்து கொண்ட எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் ராணுவ அஞ்சல் பிரிவின் கைக்குப் போனதும் இணையத்தில் தெரியும் தகவல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம், அதற்குமேல் போகும் பாதை வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

பத்து நாளிலும் சேரலாம், ஒரு மாதமும் ஆகலாம். பனிக்காலத்தில் சோஜி லா கணவாய் மூடிவிட்டால் ஸ்ரீநகர்–லே சாலை நின்றுவிடும். முன்னணிக் காவல் நிலைகளுக்கு ஹெலிகாப்டர் பறக்க வானம் தெளிய வேண்டும். ஆகவே பொங்கலுக்குச் சேர வேண்டியதை டிசம்பர் முதல் வாரத்தில் அனுப்புங்கள். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்னால்.

ஒன்றரை மாதம் கடந்தும் வரவில்லை என்றால், ரசீதோடு அனுப்பிய அஞ்சலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். அவரும் யூனிட்டின் தபால் பொறுப்பாளரிடம் எண்ணைக் கொடுத்துக் கேட்கட்டும். பெட்டி திரும்பி வந்துவிட்டால் உள்ளே இருக்கும் பொடியை முகர்ந்து பாருங்கள், நன்றாக இருந்தால் வீட்டில் பயன்படுத்தலாம். எண்ணெய்ப் பண்டத்தைக் கொட்டிவிடுங்கள், மறுபடி அதையே அனுப்பாதீர்கள்.

பார்சல் சேர்ந்ததும் அவரிடம் மூன்று கேள்வி: எது உடைந்தது, எது கசிந்தது, எது முதலில் தீர்ந்தது? பதிலைப் பெட்டி அளவோடும் தேதியோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டாவது பெட்டியை அந்த நோட்டைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

10. தெரியாத வீரர்களுக்கு அனுப்ப விரும்பும் பள்ளிகள், சங்கங்கள்

பெயர் தெரியாத வீரருக்கு வீட்டில் செய்த பண்டத்தை அனுப்பாதீர்கள். யார் செய்தது என்று தெரியாத உணவை எந்த யூனிட்டும் ஏற்கத் தயங்கும், அது சரியான தயக்கம். பிள்ளைகள் எழுதிய கடிதங்களைச் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் வழியில் கொடுங்கள். பணமாகக் கொடுக்க விரும்புவோர் டிசம்பர் 7 கொடி நாள் நிதிக்குக் கொடுக்கலாம், அதையும் இதே அலுவலகத்திலேயே கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம்.